தோள்தையலுக்குக் கீழே பன்னிரண்டு மில்லிமீட்டர்

செம்பாக்கத்தில் பந்தலும் பாத்திரமும் வாடகைக்கு விடுகிற தயாளன், இதுவரை ஐந்நூறு கல்யாணங்களுக்காவது பந்தல் போட்டிருப்பார். புயலடித்த வருஷம்கூட அவர் போட்ட பந்தல் சாய்ந்ததில்லை. ஒரு தடவை மண்டபமே சாய்ந்தது, பந்தல் நின்றது. அப்பேர்ப்பட்ட மனிதரை, பத்து ரூபாய் நாணயம் அளவுள்ள ஒரு துணி வட்டம் ஐந்து மாதம் தலைகீழாகத் தொங்கவிட்டது.

அந்த வட்டத்துக்குப் பெயர் முதலுதவி பேட்ஜ். வெள்ளைத் துணி, நடுவில் பச்சைக் கூட்டல் குறி. அதை வாங்கியவள் அவர் மகள் தமிழினி, வயது பதினொன்று. கொடுத்தது இளஞ்சுடர்ப் படை.

இளஞ்சுடர்ப் படை என்பது பிள்ளைகளுக்கு ஒழுக்கம், சேவை, துணிச்சல் மூன்றையும் ஞாயிற்றுக்கிழமை காலை ஏழிலிருந்து ஒன்பதுக்குள் ஊட்டிவிடுகிற அமைப்பு. கிழக்குத் தாம்பரத்தில் ஒரு மைதானம், மைதானத்து மூலையில் ஆஸ்பெஸ்டாஸ் போட்ட ஓர் ஆபீஸ், ஆபீசுக்குள் மாவட்ட ஆணையர் தோத்தாத்ரி. பிள்ளைகள் இருநூற்று நாற்பது. அதிகாரிகள் பதினான்கு. சேவை நடந்ததாகப் பதிவேட்டில் இருக்கிறது.

தோத்தாத்ரி முப்பத்தைந்து வருஷம் ஏதோ ஓர் இலாகாவில் கோப்புகளுக்கு நாடா கட்டும் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். அவர் சீருடையில் எண்பத்து மூன்று பேட்ஜ்கள். காலரிலிருந்து பெல்ட் வரை, தோளிலிருந்து மணிக்கட்டு வரை. காற்றடித்தால் மற்றவர்கள் சட்டை படபடக்கும், அவர் சட்டை மரக்கதவு மாதிரி நிற்கும். முழங்கை மடங்காது. சல்யூட் வாங்கிக்கொண்டு பதில் சல்யூட் வைக்க வேண்டுமென்றால் பக்கத்தில் ஒருவர் நின்று கையைத் தூக்கிவிட வேண்டும். அதற்கென்று ஒருவருக்குப் பதவி இருந்தது. துணை ஆணையர் என்று பெயர்.

படையின் வேதம் 'சீருடைக் கையேடு, ஏழாம் பதிப்பு'. எழுதியவர் தோத்தாத்ரி. இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம். சேவையைப் பற்றி ஒன்றரைப் பக்கம் வருகிறது. மீதியெல்லாம் பேட்ஜை எங்கே, எந்தப் பக்கம் பார்த்து, எந்த நூலால், ஓர் அங்குலத்துக்கு எத்தனை தையல் போட்டுத் தைப்பது என்பது. ஞாயிறுதோறும் தையல் ஆய்வாளர் ஜெயசீலி மேடம் ஒரு ஸ்கேல், ஒரு பூதக்கண்ணாடி, தையல் பிரிக்கிற சின்னக் கத்தி மூன்றோடும் வரிசையில் நடந்து வருவார். அரை மில்லிமீட்டர் தள்ளியிருந்தாலும் சரக்கென்று பிரித்து, இடுப்பில் தொங்கும் பிளாஸ்டிக் டப்பாவில் போட்டுக்கொள்வார். பேட்ஜ் போனால் திறமையும் போயிற்று, திரும்பத் தைக்கும்வரை. நீச்சல் பேட்ஜ் பிரிக்கப்பட்ட பையன் தண்ணீரில் இறங்கக் கூடாது. சமையல் பேட்ஜ் பிரிக்கப்பட்ட ஒரு பெண் மூன்று வாரம் வீட்டில் டீ போடவில்லை. கேட்ட அம்மாவிடம் கையேட்டைக் காட்டினாளாம்.

ஏப்ரல் கடைசி ஞாயிறு. வெயில் காலை எட்டு மணிக்கே தார் உருக்கிக்கொண்டிருந்தது. சிறப்பு விருந்தினராக ஒரு டாக்டர் வந்திருந்தார். தோத்தாத்ரி முதலுதவியின் மேன்மை பற்றி நாற்பது நிமிஷம் பேசி, "ஆபத்து எந்த நேரத்திலும்..." என்று சொல்லி, அந்த நேரத்தில் விழுந்தார். விறகுக்கட்டு சாய்ந்த சத்தம் கேட்டது.

யாரும் அசையவில்லை. அசையாததற்குக் காரணம் இருந்தது. முதலுதவி பேட்ஜ் உள்ளவர்தான் நோயாளியைத் தொடலாம். படையில் அந்த பேட்ஜ் பதினொரு பேரிடம் இருந்தது. பதினொன்றும் போன வாரம் பிரிக்கப்பட்டு ஜெயசீலி மேடத்தின் டப்பாவில் கிடந்தன. டாக்டர் மேடையின் மறுகோடியில் மாலையும் பொன்னாடையும் பூங்கொத்துமாகச் சோபாவில் புதைந்திருந்தார். அவர் எழுந்து வருவதற்குள் மூன்றாம் வரிசையிலிருந்து தமிழினி ஓடிவந்தாள். கழுத்து ஸ்கார்ஃபைத் தளர்த்தினாள். காலைத் தூக்கி ஒரு நாற்காலி மேல் வைத்தாள். தன் தண்ணீர் பாட்டிலை அவர் மொட்டைத் தலையில் கவிழ்த்தாள். தோத்தாத்ரி கண்ணைத் திறந்து, "யாருடைய அனுமதியில்?" என்றார்.

டாக்டர் நெகிழ்ந்து போய், மேடைத் தட்டிலிருந்து ஒரு முதலுதவி பேட்ஜை எடுத்து எல்லார் முன்னாலும் அவள் கையில் கொடுத்துவிட்டார். கைதட்டல். போட்டோ. கொடுத்ததைத் திருப்பி வாங்க முடியாது. தையல் மட்டும் பாக்கி.

மறுவாரம் தயாளனுக்கு ஆபீசிலிருந்து கடிதம் வந்தது. குற்றச்சாட்டு: அங்கீகாரம் பெறாத முதலுதவி.

"இன்னா சார் இது?" என்று தயாளன் கடிதத்தை மேஜை மேல் வைத்தார். "உங்க உசுர காப்பாத்திக்கீது கொழந்த."

"மிஸ்டர் தயாளன், அங்கதான் நீங்க தப்புப் பண்றீங்க," என்றார் தோத்தாத்ரி, பொறுமையாக. "உயிர் இஸ் செகண்டரி. அன்னிக்கு நான் செத்திருந்தாக்கூட, முறைப்படி செத்திருப்பேன். மாநிலத் தலைமையகத்துலேர்ந்து மலர்வளையம் வந்திருக்கும். இப்ப பாருங்கோ, முறை தவறிப் பிழைச்சிருக்கேன். ரெக்கார்ட்ல எந்தத் தலைப்புல எழுதறது?"

தயாளன் தலையைச் சொறிந்தார். மகள் மன்னிப்புக் கடிதம் எழுதித் தர வேண்டுமென்றார்கள். மூன்று பிரதி. 'இனி அனுமதியின்றி யாரையும் காப்பாற்ற மாட்டேன்' என்று தமிழினி குண்டு குண்டான எழுத்தில் எழுதிக் கொடுத்தாள். அவளுக்கு வேண்டியது ஒன்றுதான். காலாண்டு விடுமுறையில் ஏலகிரியில் ஐந்து நாள் முகாம். கூடாரத்தில் தூக்கம், ஏரியில் படகு. சட்டையில் ஒரு பேட்ஜாவது இருந்தால்தான் பட்டியலில் பெயர் வரும். மூன்று வருஷமாகப் பேட்ஜ் இல்லாமல் வாசலில் நின்று பஸ்ஸுக்கு டாட்டா காட்டியவள். அக்டோபரில் பன்னிரண்டு முடிகிறது. பன்னிரண்டு முடிந்தால் படையிலிருந்தே வெளியே. இந்த வருஷம் விட்டால் ஏலகிரி இல்லை.

"அப்பா, நீயே தைச்சிடு. நீதான் ஷாமியானாவே தைக்கிறியே," என்றாள்.

தயாளனுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. அவர் மனைவி கோகிலவாணி தபாலாபீஸ் கவுண்டரில் இருப்பவள். "ஏங்க, இம்மாந்தூண்டு துணி. கோந்து தடவி ஒட்டி மேல ஒரு முத்திரை குத்துனா முடிஞ்சுது," என்றாள். தயாளன் கேட்கவில்லை. கோணி ஊசியையும் பந்தல் தைக்கிற நைலான் நூலையும் எடுத்து உட்கார்ந்தார். கால்மணி நேரத்தில் வேலை முடிந்தது. யானை கட்டி இழுத்தாலும் வராத தையல். ஞாயிறு காலை தமிழினி சட்டையை மாட்டினாள். இடது கை உள்ளே போகவில்லை. படுதா தைக்கிற பழக்கத்தில் சட்டைக் கையின் இரண்டு பக்கத்தையும் சேர்த்துத் தைத்திருந்தார்.

கையை உள்ளே மடக்கிக்கொண்டு போய் நின்ற பெண்ணை ஜெயசீலி மேடம் மேலும் கீழும் பார்த்தார். கத்தியை வைத்தார். கத்தி முனை உடைந்தது. இருபது வருஷப் பணியில் முதல் தடவை. அன்று ஆய்வு அத்தோடு ரத்தாயிற்று, இருநூறு பிள்ளைகள் பேட்ஜோடு வீடு திரும்பினார்கள். படையின் வரலாற்றில் அதை இன்னும் கறுப்பு ஞாயிறு என்கிறார்கள்.

இரண்டாம் தடவை சின்ன ஊசியால் தைத்தார். ஜெயசீலி மேடம் ஸ்கேல் வைத்தார். "தோள்தையலுக்குக் கீழ பன்னெண்டு மில்லிமீட்டர் இருக்கணும் சார். பதிமூணு இருக்கு." சரக்.

மூன்றாம் தடவை பன்னிரண்டு சரியாக இருந்தது. "கூட்டல் குறி சாஞ்சிருக்கு. சாஞ்சா அது பெருக்கல் குறி. பெருக்கல்னா கணக்கு பேட்ஜ். உங்க பொண்ணு கணக்குல பேட்ஜ் வாங்கினாளா? இல்லாத தகுதியைப் போட்டுக்கறது மோசடி சார்." சரக்.

நான்காம் தடவை, கேம்ப் ரோட்டில் பாலு டெய்லரிடம் கொடுத்தார். பாலு நாற்பது வருஷம் போலீஸ் சட்டைக்கு நட்சத்திரம் தைத்த கை. ஜெயசீலி மேடம் பூதக்கண்ணாடி வழியாக வெகுநேரம் பார்த்தார்.

"இது யார் தைச்சது?"

"நாந்தான் மேடம்."

"பொய். பிரிவு முப்பத்தொண்ணு: தையலில் பெற்றோரின் பாசம் புலப்பட வேண்டும். இதுல பாசம் இல்ல."

"பாசத்த எப்டி மேடம் ஸ்கேல் வெச்சுப் பாக்குறீங்க?"

"அங்குலத்துக்குப் பதினொரு தையல் இருந்தா பாசம். பதினாலு இருந்தா டெய்லர்." சரக்.

 வீட்டுக்கு வரும் வழியெல்லாம் தமிழினி வண்டியின் பின்னால் உட்கார்ந்து, சட்டைக் கையில் நாலு தடவை பிரித்த ஊசி ஓட்டைகளை நகத்தால் நீவிக்கொண்டே வந்தாள். துணி அந்த இடத்தில் கொசுவலை ஆகியிருந்தது. செம்பாக்கம் ஏரிக்கரையில் வண்டி திரும்பும்போது, "அப்பா, அவர அப்டியே வுட்டிருக்கணுமா?" என்று கேட்டாள்.

தயாளன் ஆக்சிலரேட்டரை முழுசாக முறுக்கினார். 

ஐந்தாம் தடவை போனபோது புதுச் சுற்றறிக்கை ஒட்டியிருந்தார்கள். பேட்ஜ் தைக்கும் பெற்றோர், பேட்ஜ் தைக்கும் தகுதித் தேர்வில் தேறியிருக்க வேண்டும். நிலை ஒன்று, நிலை இரண்டு, நிலை மூன்று. நிலை ஒன்று இருந்தால் சொந்தப் பிள்ளைக்குத் தைக்கலாம். தயாளன் ஆபீசிலேயே ஒரு கையேடு வாங்கிக்கொண்டு வந்தார்.

எட்டாம் வகுப்புக்குப் பிறகு அவர் வாசித்த முதல் புத்தகம் அதுதான். ஒரு வாரம் கடையில் அண்டாவுக்குள் சாய்ந்து உட்கார்ந்து வாசித்தார். வாசிக்க வாசிக்க முகம் மாறியது.

தேர்வுக்கு முப்பத்தாறு பெற்றோர் வந்தார்கள். பாங்க் மேனேஜர் உண்டு, காலேஜ் லெக்சரர் உண்டு. முதல் கேள்வி: 'பேட்ஜ் தைத்துக்கொண்டிருக்கும்போது வீடு தீப்பற்றினால் என்ன செய்வீர்?' முப்பத்தைந்து பேரும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடுவோம் என்று எழுதினார்கள். பெயில். தயாளன் மட்டும், 'முடிச்சுப் போட்டு, நூலைப் பல்லால் கடிக்காமல் கத்தரியால் வெட்டி, பிறகு வெளியேறுவேன்' என்று எழுதினார். பிரிவு ஐம்பத்திரண்டு. அவர் ஒருவர்தான் பாஸ்.

ஜூலை முதல் ஞாயிறு, ஆறாம் தடவை. தமிழினிக்குப் புதுச் சட்டை. ஜெயசீலி மேடம் அளந்தார். பன்னிரண்டு. குறி நேர். அங்குலத்துக்குப் பதினொன்று. உள்பக்கம் திருப்பிப் பார்த்தார், முடிச்சுகூட கையேட்டில் படம் போட்ட மாதிரி இருந்தது. கத்தி பிடித்த கை அந்தரத்தில் நின்றது. பிறகு மெதுவாக இறங்கி, பேனாவை எடுத்து, ஆய்வுச் சீட்டில் 'சரி' என்று எழுதியது.

அந்தச் சீட்டோடு தயாளன் ஆணையர் அறைக்குப் போனார். "சார், ஏலகிரி லிஸ்ட்ல கொழந்த பேர ஏத்திக்கிங்க."

தோத்தாத்ரி சீட்டைப் பார்த்தார், தயாளனைப் பார்த்தார், கதவைச் சாத்தச் சொன்னார்.

"ஓபனாவே சொல்றேன். பேட்ஜ் பெர்ஃபெக்ட். ஆனா லிஸ்ட்ல கையெழுத்து நான் போடணும். போட மாட்டேன்."

"ஏன் சார்?"

"இருநூத்தி நாப்பது பசங்க நான் விழுந்ததைப் பாத்தா. அது பரவாயில்லை. தலைவன்னா விழுவான். ஆனா ஒரு பொடிப்பொண்ணு வந்து தலையில தண்ணியைக் கொட்டி எழுப்பினதையும் பாத்தா பாருங்கோ, அதுதான் டேஞ்சர். நாளைக்கு எல்லாக் கொழந்தையும் பேட்ஜ் இல்லாமலே உதவி பண்ண ஆரம்பிச்சா, அப்புறம் நாங்க எதுக்கு? யோசிச்சுப் பாருங்கோ. இந்த ஆபீஸ் எதுக்கு? இத்தனை நூல் எதுக்கு?"

"அப்ப எம்பொண்ணு..."

"என்னோட பதிவேட்டைப் பொறுத்தவரைக்கும் உங்க பொண்ணுக்குப் பேட்ஜே கிடையாது. அவளோட பேரை நான் ஏத்தவே இல்லை. ஏத்தவும் போறதில்லை. போயிட்டு வாங்கோ."

தயாளன் எழுந்தார். கும்பிட்டார். சிரித்தார் என்றுகூடச் சொல்கிறார்கள். வெளியே வந்து ஜெயசீலி மேடத்திடம், "மேடம், அந்த ரெண்டாம் நிலை, மூணாம் நிலை பரீட்சைக்கும் ஒரு அப்ளிகேஷன் குடுங்க," என்றார்.

ஜெயசீலி மேடம் ஆணையர் அறைக் கதவை ஒரு தரம் பார்த்துக்கொண்டார். "மூணாம் நிலை யாரும் எழுதினதில்ல சார். நானே ரெண்டுதான். மூணு எழுதணும்னு எட்டு வருஷமா அப்ளிகேஷன் போடறேன், ஆணையர் கையெழுத்து போட மாட்டேங்கறார். வெளியாளோட அப்ளிகேஷனுக்கு அந்தக் கையெழுத்து தேவையில்ல." இழுப்பறையைத் திறந்து படிவத்தை எடுத்தார். "பிரிவு நூத்திப் பதினெட்டை நல்லா படிச்சுட்டு வாங்க," என்று தாழ்ந்த குரலில் சொன்னார்.

ஆடி பிறந்தது. கல்யாணம் கிடையாது. அம்மன் கோயில் கூழுக்கு நாலு அண்டா, ரெண்டு பந்தல் போனதோடு சரி. தயாளன் அந்த மாதம் முழுக்கக் கையேட்டோடுதான் குடித்தனம். சாப்பிடும்போது ஒரு கையில் சாம்பார், ஒரு கையில் பிரிவு தொண்ணூற்றேழு. தூக்கத்தில் அத்தியாய எண் சொன்னார். "இன்னாத்துக்குங்க இத்தினி வெறி? அந்த ஆளு மூஞ்சில நாலு வார்த்த கேட்டுட்டு வந்தா போதாதா?" என்றாள் கோகிலவாணி. "நாலு வார்த்த அந்தாளுக்குப் பத்தாதுடி. எரநூத்திப் பன்னெண்டு பக்கமும் அவர் வார்த்ததான், அதையே திருப்பிக் குடுக்கிறேன்," என்றார் தயாளன்.

இரண்டாம் நிலையில் கண்ணைக் கட்டிக்கொண்டு ஊசியில் நூல் கோத்தார். மூன்றாம் நிலைச் செய்முறைத் தேர்வு, காலை எட்டரை மணிக்குத் தாம்பரத்திலிருந்து பீச் போகிற மின்சார ரயிலில், நின்றபடி ஒரு பேட்ஜ் தைப்பது. கூட்டத்தில் மற்றவர்களுக்கு மூச்சு விடவே இடமில்லை. தயாளன் மாம்பலம் வருவதற்குள் பேட்ஜை முடித்து, பக்கத்தில் நசுங்கிக்கொண்டிருந்தவரின் சட்டையில் அறுந்த பித்தானையும் தைத்துக் கொடுத்து, இறங்கி, எதிர் ரயில் பிடித்துக் கடை திறந்தார். முதுநிலைத் தையல் தணிக்கையாளர் என்ற சான்றிதழ் தோத்தாத்ரியின் மேஜைக்கு மற்றக் காகிதங்களோடு போயிற்று. அவர் கையெழுத்து போட்டார். அவருக்கு எழுதுகிற பழக்கம்தான், வாசிக்கிற பழக்கம் இல்லை.

செப்டம்பர் கடைசி ஞாயிறு, ஆண்டு அணிவகுப்பு. அணிவகுப்பு முடிந்ததும் ஏலகிரிக்குப் புறப்பட பஸ் மைதானத்து வாசலிலேயே நின்றது. பிள்ளைகளின் பேட்ஜ்கள் எல்லாம் முன்தினமே பிரித்து வாங்கப்பட்டு, மேடையில் எட்டுத் தட்டுகளில் இருந்தன. அது படையின் வழக்கம். சிறப்பு விருந்தினர் கையால் அதே பேட்ஜைத் திரும்பக் கொடுப்பார்கள். ஒரு பேட்ஜுக்கு வருஷத்தில் நாலு விழா, நாலு போட்டோ. ஆண்டறிக்கையில் நாலு சாதனை. பிரிக்காமல் விட்டது ஒன்றே ஒன்றுதான். பதிவேட்டில் பெயர் இல்லாத பெண்ணிடம் பேட்ஜைக் கேட்டு யாரும் வரவில்லை.

ஒன்பது மணி. கொடியேற்றத்துக்குப் பத்து நிமிஷம். தோத்தாத்ரி எண்பத்து மூன்று பேட்ஜோடு மேடையில் விறைப்பாக நின்றார். அப்போது வெள்ளைச் சட்டை, வேட்டி, கையில் சான்றிதழ், தயாளன் மேடையேறினார்.

"யோவ், பேரன்ட்ஸ் எல்லாம் அந்தப் பக்கம்," என்றார் துணை ஆணையர்.

தயாளன் மைக்கைக் கையில் வாங்கினார். "பிரிவு நூத்திப் பதினெட்டு. ஆண்டு அணிவகுப்பு நாள்ல, கொடியேத்தறதுக்கு முன்னாடி, மைதானத்துல இருக்கிற ஒசந்த தகுதி பெற்ற தணிக்கையாளர், பதவி வேறுபாடு பாக்காம, மேடையிலிருந்து தொடங்கி அத்தினி சீருடையையும் சோதிக்கணும். குத்தம் கண்டா அங்கேயே பிரிக்கணும். தடுக்கிறவங்க படைக்குத் துரோகி." மைக்கைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, "எழுதுனது யாரு சார்?" என்று கேட்டார்.

தோத்தாத்ரிதான் எழுதினார். எட்டு வருஷத்துக்கு முன், அப்போதைய ஆணையரின் சட்டையில் ஒரு பேட்ஜ் தொங்குவதைப் பார்த்துவிட்டு ஒரே ராத்திரியில் எழுதிச் சேர்த்த பிரிவு. அதை வைத்துத்தான் நாற்காலிக்கு வந்தார்.

"மிஸ்டர் தயாளன், இதெல்லாம் எனக்குப் பொருந்தாது..."

"துரோகின்னு எழுதிக்கவா சார்?"

ஜெயசீலி மேடம் படியேறி வந்து கத்தியை நீட்டினார். "புதுசு சார். நேத்துதான் வாங்கினேன்."

தயாளன் ஸ்கேலை வைத்தார். "பதினஞ்சு மில்லிமீட்டர். மூணு ஜாஸ்தி." சரக். "இது இன்னா சார், எளிமை பேட்ஜா? ஜரிகைல போட்டுக்கிறீங்க. மூணு கீது. எளிமைக்கு ஒண்ணுதான், பிரிவு அறுபத்திநாலு." சரக், சரக், சரக். "நீச்சல். நீங்க தண்ணில எறங்கி நான் பாத்ததில்லயே?"

"தியரி," என்றார் தோத்தாத்ரி, ஈனக் குரலில்.

சரக். "தன்னடக்கம். அடேங்கப்பா, தட்டு சைஸ்ல கீது." அதைப் பிரிக்க இரண்டு நிமிஷம் ஆயிற்று. கீழே இன்னொரு தன்னடக்கம் இருந்தது. அதற்கும் கீழே ஒன்று. எண்பத்து மூன்று என்று ஊர் நினைத்தது மேலடுக்கு மட்டும். பேட்ஜ்கள் மேடையில் வற்றல் மாதிரி குவிந்தன. பிள்ளைகள் முதலில் வாயைப் பொத்திக்கொண்டார்கள். பிறகு எண்ண ஆரம்பித்தார்கள். "அறுவத்தி எட்டு! அறுவத்தி ஒம்போது!"

நூற்று நாற்பத்திரண்டாவது பேட்ஜைப் பிரித்ததும் ஒரு சங்கடம். சட்டையைக் காணோம். இருபது வருஷ ஊசிக்குத்தில் துணி எப்போதோ செத்துப்போய், பேட்ஜைப் பேட்ஜ்தான் பிடித்துக்கொண்டிருந்தது. கடைசி பேட்ஜோடு ஒரு காலரும் இரண்டு பித்தானும் உதிர்ந்தன. தோத்தாத்ரி, மாவட்ட ஆணையர், பனியனோடு நின்றார். முழங்கை பத்து வருஷத்துக்குப் பிறகு முதல் தடவையாக மடங்கியது. இரண்டு கையாலும் மார்பை மூடிக்கொண்டார்.

மற்ற அதிகாரிகள் இதைப் பார்த்ததும் முதுகைத் திருப்பிக்கொண்டு அவரவர் பேட்ஜை அவரவரே பல்லால் பிய்க்க ஆரம்பித்தார்கள். பல்லால் பிய்ப்பதும் குற்றம்தான், தயாளன் குறித்துக்கொண்டார். ஜெயசீலி மேடம் தன் நாலு பேட்ஜையும் தானே பிரித்து டப்பாவில் போட்டு மூடினார்.

அப்போதுதான் தயாளன் மேஜையைப் பார்த்தார். வாசலில் டிரைவர் ஹாரன் அடித்தார். ஏலகிரிப் பட்டியல் மேஜை மேல் கிடந்தது, கையெழுத்து இல்லாமல். கையெழுத்து போட வேண்டிய ஆள் பனியனில் நிற்கிறார். பேட்ஜ் இல்லாத ஆணையரின் கையெழுத்து செல்லாது. வெறியில் நூற்றுப் பதினெட்டாம் பிரிவோடு நின்றுவிட்டோமே, பொண்ணோட பஸ்ஸையும் சேர்த்துப் பிரித்துவிட்டோமே என்று கத்தியைக் கீழே வைத்தார்.

தோத்தாத்ரிக்கும் அது உறைத்தது. பனியனுக்குள் ஒரு சிரிப்பு வந்தது. "இப்ப யார் கையெழுத்து போடுவா மிஸ்டர் தயாளன்? ஒருத்தரும் போக முடியாது. உங்க பொண்ணாலதான்னு மத்தப் பசங்ககிட்ட நானே சொல்றேன்."

ஜெயசீலி மேடம் கையேட்டின் அடுத்த பக்கத்தைத் திருப்பி, மைக்கில் வாசித்தார். "பிரிவு நூற்றுப் பத்தொன்பது. ஆணையர் தகுதி இழந்தால், முறைப்படி தைத்த பேட்ஜ் அதிகம் அணிந்து அந்த மைதானத்தில் நிற்பவர், வயதோ பதவியோ பாராமல், அந்த நொடியிலிருந்து பொறுப்பு ஆணையர்." தன்னைவிட அதிகம் யாரும் அணிந்திருக்க முடியாது என்ற தைரியத்தில் தோத்தாத்ரி எழுதியது.

மற்றப் பிள்ளைகளும் அதிகாரிகளும் தங்கள் வெறும் சட்டையைப் பார்த்துக்கொண்டார்கள். பிறகு மூன்றாம் வரிசையைப் பார்த்தார்கள். அங்கே ஓர் இடது கையில், தோள்தையலுக்குக் கீழே பன்னிரண்டு மில்லிமீட்டரில், பச்சைக் கூட்டல் குறி நேராக நின்றது.

தமிழினி மேடையேறினாள். பேனா எங்கே என்றாள். பட்டியலில் முப்பத்திரண்டு பெயர் இருந்தது, கீழே முப்பத்து மூன்றாவதாகத் தன் பெயரை எழுதினாள். யோசித்தாள். மூன்று வருஷமாகத் தன்னோடு வாசலில் நின்று டாட்டா காட்டிய ஏழு பேரின் பெயரையும் எழுதினாள். குண்டு குண்டான எழுத்தில் கையெழுத்து போட்டாள். அதற்குள் அன்றைய சிறப்பு விருந்தினர் கார் வந்துவிட்டது. அவர் முப்பது வருஷமாக விழாக்களுக்குப் போகிறவர், ஆணையர் யார் என்று கேட்கிற வழக்கமில்லை. மேடையில் நடுவில் நின்றவளுக்குப் பொன்னாடை போர்த்தி, "உங்கள் நீண்டகாலச் சேவை..." என்று பேசிவிட்டு, பனியனில் நின்றவரிடம் ஒரு காபி கேட்டார்.

அவர் போனதும் தமிழினி மைக்கைப் பிடித்தாள்.

"ஏலகிரி போறவங்கல்லாம் பஸ்ல ஏறுங்க. மத்தவங்க தட்டுல இருக்கிற உங்க உங்க பேட்ஜ எடுத்துக்கினு வூட்டுக்குப் போங்க. எங்க வேணா தைச்சுக்கோங்க." ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு, அதிகாரிகள் பக்கம் திரும்பினாள். தொண்டையில் எங்கிருந்தோ ஒரு கணீர்க் குரல் வந்தது. "அதிகாரிங்க! அட்டேன்ஷன்!"

பதின்மூன்று அதிகாரிகளும் தோத்தாத்ரியும் விறைத்தார்கள். இருபது வருஷப் பழக்கம், உடம்பு தானாகவே விறைத்தது. ஜெயசீலி மேடமும் பதினான்கில் ஒருவர்தான், ஆனால் அவர் ஏற்கெனவே டப்பாவைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஆட்டோ பிடித்திருந்தார்.

பொறுப்பு ஆணையர் பொன்னாடையை அப்பா கையில் கொடுத்துவிட்டு ஜன்னல் சீட்டைப் பிடித்தாள். பஸ் புறப்பட்டது. மைதானம் காலியாயிற்று. வெயில் ஏறியது.

தயாளன் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஜிகிர்தண்டா விற்றுக்கொண்டு போனவனைக் கூப்பிட்டு ஒரு கிளாஸ் வாங்கினார். பதினொன்றரை ஆயிற்று. பஸ் பெருங்களத்தூர் நெரிசலைத் தாண்டி எங்கேயோ போய்க்கொண்டிருக்கும்.

"மிஸ்டர் தயாளன்," என்றார் தோத்தாத்ரி, கழுத்தைத் திருப்பாமல். பனியன் நனைந்திருந்தது. "ஆணையர் 'அட் ஈஸ்' சொல்லாம நாங்க அசையக் கூடாது. உங்க பொண்ணுக்கு ஒரு போன் போடுங்கோ. ஒரே ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

"முகாம்ல போன் கூடாதாமே சார். பஸ் ஏறும்போதே முகாம்காரங்க வாங்கி வெச்சுட்டாங்க."

"அவசரம்னா டிரைவருக்குப் போடலாமே?"

தயாளன் கிளாஸின் அடியில் கிடந்த பாதாம் பிசினை ஸ்பூனால் வழித்துச் சாப்பிட்டார். எழுந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பொன்னாடையைத் தோளில் போட்டுக்கொண்டார்.

"அஞ்சே நாள்தான் சார்," என்றார். "வெள்ளிக்கிழம சாய்ங்காலம் வந்துருவா."